ஒட்டு மாங்கன்று: இரண்டு செடி ஒன்றாவது எப்படி?

மல்கோவாவை ருசித்துத் தின்றுவிட்டுக் கொட்டையை ஆசையாகப் புதைக்கிறோம். பல ஆண்டுகள் காத்திருந்து பறிக்கும் பழமோ வேறு சுவை. ஏன்?

நம் மா வகைகள் பெரும்பாலானவற்றில் கொட்டைக்குள் இருப்பது ஒரே கரு. மகரந்தச் சேர்க்கையில் உருவான அதில் தந்தை மரத்தின் குணமும் கலந்திருக்கும். அதே பழம் வேண்டுமென்றால் தாய் மரத்தின் கிளையையே வளர்க்க வேண்டும். அதற்குத்தான் ஒட்டுக்கட்டுதல்.

எப்படி ஒட்டுகிறது? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு உண்டு. அங்கே செல்கள் ஓயாமல் பெருகும். வெட்டிய இரு தண்டுகளின் கேம்பியங்களும் தொட்டுக்கொண்டால், காயத்தை ஆற்ற எழும் செல்கள் கைகோக்கும். பிறகு அவற்றினூடே நீரையும் உணவையும் கடத்தும் குழாய்கள் உருவாகும்.

வீட்டிலேயே செய்யலாம். பென்சில் பருமனுள்ள நாட்டு மாங்கன்றின் நுனியை வெட்டி, தண்டை நடுவில் பிளக்க வேண்டும். அதே பருமனுள்ள தாய்க்குச்சியின் அடியை ஆப்புப் போலச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்ட வேண்டும். பருமன் வேறுபட்டால் ஒரு பக்கப் பட்டையாவது நேராகப் பொருந்த வேண்டும். குச்சி வாடாதிருக்க மேலே பாலித்தீன் உறை மாட்டி, நிழலில் வைக்கலாம்.

துளிர் வந்ததும் உறையைக் கழற்றுங்கள். ஒட்டுக்குக் கீழே முளைப்பவற்றை உடனே கிள்ளுங்கள். அவை நாட்டு மாவின் கிளைகள், விட்டால் ஒட்டை அமுக்கிவிடும்.