பரீட்சை இல்லாத வேலைக்கு ஊர் எல்லை தடை!
மனவளர்ச்சி குன்றியோர் எங்கே போவது?

வாசுதேவநல்லூர்,-

"இவனை வச்சுக்கிட்டு என்ன வேலை வாங்க முடியும்?"

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். வேலை வாங்க முடியும். அதற்குச் சட்டமே இருக்கிறது. ஆனால் அது தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூர் தெருவுக்கு வந்து சேரவில்லை!

1 சதவீதம்

1995-ம் ஆண்டு சட்டம் ஊனமுற்றோருக்கு அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது. கண், காது, கை-கால் குறை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது. மனவளர்ச்சி குன்றியோருக்கு இடமே இல்லை.

2016-ம் ஆண்டு சட்டம் அதை 4 சதவீதம் ஆக்கியது. அதில் 1 சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், பலவகைக் குறைபாடு உள்ளவர்கள் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக டாக்டர் சான்றிதழும் வேண்டும்.

நடுவில் நிற்கும் பரீட்சை

அரசு குமாஸ்தா வேலைக்கு 'குரூப்-4' பரீட்சை. 10-ம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். 3 மணி நேரத்தில் 200 கேள்விகள்! எழுத்துக் கூட்டுவதில் மட்டும் திணறுகிறவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் சமாளிப்பார். கேள்வியே புரியாதவர் என்ன செய்வார்?

பரீட்சை கேட்காத வேலைகளில் ஒன்று 100 நாள் வேலை. 2005-ல் வந்த திட்டம். மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் வேலை செய்தால் முழுக்கூலி என்று தமிழக அரசு 2012-ல் ஆணை போட்டது. தண்ணீர் கொடுக்கலாம், மரக்கன்றுக்கு ஊற்றலாம். சொல்லிக் கொடுத்தால் செய்துவிடுவார்கள்.

ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்குத்தான். வாசுதேவநல்லூரோ பேரூராட்சி! சுற்றியுள்ள ஊராட்சிக்காரருக்குக் கிடைத்த வேலை, ஊருக்குள் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. 2025 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய சட்டம் 100 நாளை 125 ஆக்கியது. அதுவும் கிராமத்துக்கே! நாள் கூடியது, எல்லை நகரவில்லை.

கேட்க ஒரு நாற்காலி

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. பேரூராட்சிகளும் இதில் அடக்கம். அந்த நாற்காலியில் உட்காருபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்:

"4 மணி நேர வேலை, முழுக்கூலி. எங்க ஊர்ப் பிள்ளைக்கு எப்போ?"