தகவல் துளி: கைப்பேசியின் 15 இலக்கம்

ஸ்ரீபெரும்புதூர், 2006-இல் நோக்கியா ஆலை வந்ததும் கைப்பேசித் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற வட்டாரம். எங்கே தயாரானாலும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அழுத்தினால் அது திரையில் தெரியும்.

அந்த எண்ணில் இடமிருந்து 2, 4, 6 என 14 வரையுள்ள இடங்களின் இலக்கங்களை இரட்டியுங்கள். 7 என்றால் 14; அதை 1+4=5 ஆக்குங்கள். மற்ற இலக்கங்களோடு கூட்டினால், விடை 10-ஆல் மீதியின்றி வகுபடும். அப்படி வகுபடும்படி சேர்க்கப்பட்டதே கடைசி இலக்கம். ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு இடிக்கும், பிழை பிடிபடும்.

ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமை கோரிய இந்த முறைதான் வங்கி அட்டை எண்களையும் சரிபார்க்கிறது. கைப்பேசி தொலைந்தால் புகார் கொடுக்க ஐஎம்இஐ எண் தேவை. இன்றே குறித்து வையுங்கள்!