வெக்கை போன மலை

செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்த நாய்க்கும் அதில் இடம் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரையே வெட்டிவைத்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையின் தென்மேற்கு அடிவாரம் முழுக்க இப்படி மாட்டுக்காக உயிர் விட்டவர்களின் கற்கள். மாட்டுக்கு எதிரி யார் என்று அன்று கேட்டிருந்தால் கள்ளன், புலி என்று இரண்டு பதில்தான் வந்திருக்கும். ஆனால் இரண்டையும்விட அதிகமாக மந்தையை அழிக்க வல்லது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதற்கு யாரும் கல் நடவில்லை.

வெக்கை என்று அதற்குப் பெயர். காய்ச்சல், வாயெல்லாம் புண், நாற்றமெடுக்கும் கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு விழுந்துவிடும். பட்டியில் ஒன்றுக்கு வந்தால் மிச்சமிருப்பதை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். மலையில் மாடு என்றால் ஏர், எரு, சாமைக் களத்துப் போரடி எல்லாம் சேர்ந்த ஒன்று. அது போனால் அந்த வருடத்து வெள்ளாமையும் போயிற்று. வேப்பிலை கட்டினார்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், நோய்ப்பட்ட மாட்டைத் தனியே பிரித்துக் கட்டினார்கள். கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் நோயைக் கொஞ்சமாவது தடுத்திருக்கும். அது சரியான யோசனை. இன்றைக்கும் கால்நடை மருத்துவர் வந்ததும் முதலில் சொல்வது அதைத்தான்.

மலையிறங்கி வேலூரைத் தாண்டினால் ராணிப்பேட்டை. அங்கே 1932இல் சென்னை மாகாண அரசு தொடங்கிய நிலையம் இன்று கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக இருக்கிறது. வெக்கைக்கான மருந்து அங்கே உருவாகி ஊர் ஊராகப் போனது. 1954இல் நாடு முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வருடக்கணக்காக ஊசி, ஊசி, மறுபடியும் ஊசி. இந்தியாவில் கடைசியாக வெக்கை தென்பட்டது 1995இல், நம்முடைய வட ஆர்க்காட்டில்தான். 2011இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதர்களின் பெரியம்மைக்கு அடுத்து, பூமியிலிருந்து துடைத்தெறியப்பட்ட இரண்டாவது நோய் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தியாவில் இந்தப் போர் காட்டு விலங்குகளைச் சுட்டு அல்ல, மாட்டுக்கு ஊசி போட்டே நடந்தது என்பது. வெக்கை காட்டெருமைக்கும் வரும், மானுக்கும் வரும். 1968இல் முதுமலைப் பக்கம் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய்ச்சலுக்குப் போன ஊர் மாடுகளிடமிருந்து அவற்றுக்குப் போன நோய் அது. மாட்டுக்கு ஊசி போட்டார்கள், காட்டெருமையும் பிழைத்துக்கொண்டது. காட்டைச் சுற்றியிருந்த மந்தைகளில் நோய் நின்றதும் காட்டுக்குள்ளும் தானாக நின்றது.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அங்கே மாட்டுக்கு வரும் காசநோய் பெரிய தலைவலி. 1971இல் க்ளஸ்டர்ஷயரில் செத்துக் கிடந்த பேட்ஜர் ஒன்றில் அந்தக் கிருமியைக் கண்டார்கள். முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு வளை தோண்டி வாழும், இரவில் நடமாடும் விலங்கு அது. முதலில் வளைக்குள் விஷவாயு விட்டார்கள். பிறகு, கொன்றால் பலன் உண்டா என்று பார்க்கவே 1998 முதல் 2005 வரை பெரிய சோதனை ஒன்று நடந்தது. சுமார் 11,000 பேட்ஜர்கள் போயின. கொன்ற வட்டாரத்துக்குள் மாட்டு நோய் கொஞ்சம் குறைந்தது. அதன் எல்லைக்கு வெளியே கூடியது! கூட்டம் கலைந்ததும் மிச்சமிருந்த பேட்ஜர்கள் இடம் தேடி அலைந்து கிருமியையும் கூடவே கொண்டுபோயின. கொல்வதால் உருப்படியான பயன் இல்லை என்று 2007இல் அறிவியல் குழு எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் 2013இல் அரசு துப்பாக்கியை எடுத்தது. அதிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் கொன்றாயிற்று. 2029க்குள் இதை நிறுத்தப்போவதாக 2024இல் வந்த அரசு சொல்லியிருக்கிறது. பரவலின் பெரும்பங்கு மாட்டிலிருந்து மாட்டுக்குத்தான் என்று அந்த நாட்டு ஆய்வுக் குழுக்களே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

நம் மலையில் பேட்ஜரின் இடத்தில் வைத்துப் பேச ஒரு விலங்கு உண்டென்றால் அது காட்டுப்பன்றி. மலையாளிப் பழங்குடியினர் அன்று அதை வேட்டையாடினார்கள். கறிக்காகவும், சாமைக் கொல்லையைக் காக்கவும். 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறையும் வனத்துறையும் வாங்கிக்கொண்டன. இன்று பன்றி ஒரே இரவில் கொல்லையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது. விவசாயியின் ஆத்திரத்தில் பொய் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். ஜவ்வாது மலையில் காட்டைவிட்டு 3 கிலோமீட்டர் தள்ளிக் கொல்லை வைத்திருப்பவர் எத்தனை பேர்? மலைக்காரனுக்கு இந்த ஆணையால் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. பயிர்ச் சேதத்துக்கான இழப்பீட்டைத் தாமதமில்லாமல் கொடுப்பதுதான் அவனுக்கு நியாயம்.

ஆனால் பயிர்ப் பிரச்சினையோடு நோய்ப் பேச்சையும் முடிச்சுப் போட ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்தன. அந்த நோய் மாட்டுக்கும் வராது, மனிதனுக்கும் வராது. பன்றி செத்தால் பன்றிப் பண்ணைக்காரர் பயப்படலாம். பால்காரர் பயப்பட ஒன்றுமில்லை.

பால்காரர் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: நூற்றுக்கு ஏழு மாடுகளுக்குக் காசநோய் இருக்கலாம், மொத்தம் 2 கோடிக்கும் மேல். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த காசநோயாளிகளின் 940 மாதிரிகளைச் சோதித்ததில், மாட்டுக் காசநோய்க்கு வழக்கமாகக் குற்றம் சாட்டப்படும் போவிஸ் என்ற கிருமியின் இயற்கை வடிவம் ஒன்றிலும் இல்லை. அதன் உறவான ஓரிஜிஸ் ஏழு பேரிடம் இருந்தது. 2020இல் வெளிவந்த ஆய்வு இது. பிறகு சென்னையில் காட்டு மான் இனங்களிலும் ஓரிஜிஸைப் பார்த்தார்கள். உடனே மானைக் குறை சொல்லிவிடாதீர்கள். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது முதலில் தெரிய வேண்டும். முதுமலைக் காட்டெருமை விஷயத்தில் நோய் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்தோமே.

மலையிலும் மாடு மாறிவிட்டது. அன்று ஏருக்கும் எருவுக்கும் நின்ற குட்டை நாட்டு மாட்டோடு இன்று கறவைக்கென்று கலப்பினப் பசு நிற்கிறது. சந்தையில் வாங்கி லாரியில் ஏற்றிவந்த மாடு. அது எங்கெங்கே, எதனெதன் பக்கத்தில் நின்று வந்ததோ! நோய் மலையேறுவதற்கு இதைவிட நல்ல வண்டி வேண்டுமா? 2019இல் ஒடிசாவில் முதலில் தென்பட்ட தோல் கழலை நோய் இரண்டு மூன்று வருடங்களில் நாடு முழுக்கப் பரவியது. ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பின. மாட்டு லாரிகள் தூரத்தைக் குறைத்தன. காட்டு விலங்குக்கு அதில் சொல்லிக்கொள்ளும்படி பங்கில்லை.

காசநோய் கண்ட மாட்டை இங்கிலாந்தில் போலச் சோதித்துக் கொல்வது நம் நாட்டில் நடக்காது; பல மாநிலங்களில் சட்டம் விடாது, மனமும் விடாது. தடுப்பூசிதான் வழி. மனிதக் குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியையே கன்றுக்குப் போட்டு எத்தியோப்பியாவில் பார்த்ததில், நோய்ப் பரவல் ஏறக்குறைய 90 சதவீதம் குறையலாம் என்று 2024இல் தெரிந்தது. இங்கே இது வர இன்னும் காலம் ஆகும். கோமாரிக்கோ ஊசி இப்போதே கையில் இருக்கிறது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் வருடத்துக்கு இரண்டு முறை, இலவசம், காதில் மஞ்சள் வில்லையோடு.

ஊசி இருந்தும் தவறிப்போவது எங்கே என்றால், மாடு காட்டில் இருக்கும் நேரத்தில் முகாம் போடுவதில்தான். காலையில் அவிழ்த்துவிட்ட மந்தை பொழுது சாயத்தான் திரும்பும். பத்து மணிக்குப் பெட்டியோடு வருகிற ஊழியர் கட்டுத்தறியில் நிற்கும் கறவை மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போகிறார். காட்டுக்குப் போய் மானோடும் பன்றியோடும் ஒரே சுனையில் தண்ணீர் குடிக்கிற மாட்டுக்குப் போடுவதில்லை. கால்நடைத் துறை மலை முகாம்களை விடியும் முன்னே வைக்கட்டும். தேதியை முந்தின நாளே ஊருக்குச் சொல்லட்டும். மாடு வைத்திருப்பவர்களும் அந்த ஒரு நாள் பட்டிப் படலைத் திறக்காமல் இருங்கள். சந்தையிலிருந்து புதிதாக ஓட்டிவரும் மாட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டிவையுங்கள்.