எழுத்து கண்ணில் நிற்கும்

அமெரிக்காவின் பி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2001இல் ‘ஆர்ட் 21’ என்ற தொடர் தொடங்கியது. அதில் விமர்சகர் விளக்குவதில்லை. ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் வாழ்வையும் படைப்பையும் தாங்களே பேசுகிறார்கள். முதல் ஆண்டில் பேசியவர்களில் ஒருவர் ஷாஸியா சிக்கந்தர். 1969இல் லாகூரில் பிறந்து, அங்குள்ள தேசியக் கலைக் கல்லூரியில் மரபு நுண்ணோவியம் கற்றவர்.

சிறுவயதில் பொருள் தெரியாமலே குர்ஆன் ஓதியதையும், அந்த எழுத்தின் அழகு மட்டும் மனதில் பதிந்து நின்றதையும் அவர் அதில் நினைவுகூர்கிறார். நம் மக்தப்களிலும் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் ஓதுகிறார்கள். நாவு பழகும்போது கண்ணும் பழகுகிறது.

எத்தனை ஜுஸ்வு முடித்தாய் என்று பிள்ளையிடம் கேட்கிறோம். உன் மனதில் என்ன நின்றது என்றும் கேட்போம். பொருளைச் சொல்லிக்கொடுக்க அதுவே நல்ல தொடக்கம்.