தீவு வாகனங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடிவதற்கு முன்பே வாகனங்கள் வரிசை கட்டிவிடுகின்றன. ஸ்ரீ விஜயபுரத்தையும் (2024 செப்டம்பருக்கு முன் போர்ட் பிளேர்) வடக்கே டிக்லிபூரையும் இணைக்கும் அந்தமான் பெருவழிச் சாலை, இவ்விடத்தில்தான் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்திற்குள் நுழைகிறது. இங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். குறிப்பிட்ட நேரங்களில் காவலர் துணையுடன் புறப்படும் கான்வாயில் சேர்ந்தே இத்தொலைவைக் கடக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை மீறக் கூடாது. முன்செல்லும் வாகனத்தை முந்தக் கூடாது. வழியில் நிறுத்தக் கூடாது. காட்டின் மக்களை அவர்கள் போக்கில் வாழ விடுவதற்கான விதிகள் இவை, நியாயமானவை. ஆயினும் நடுக்காட்டில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சம் ஓட்டுநர்களின் அடிமனத்தில் எப்போதும் உண்டு.

சென்ற மழைக்காலத்தில் நாங்கள் வாடகைக்கு அமர்த்திய டீசல் வாகனம், இந்த வரிசையில் நின்றிருந்தபோதே மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. முகப்புப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓட்டுநர், இரண்டு தலைமுறைக்கு முன் இராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர், ஒரு சொல்லும் பேசாமல் வண்டியை வரிசையிலிருந்து ஒதுக்கி நிறுத்தினார். பானட்டைத் திறந்து, டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, வழிந்ததை ஒரு காலித் தண்ணீர்ப் பாட்டிலில் பிடித்தார். சில நிமிடங்கள் அசையாமல் வைத்தபின், மேலே இளமஞ்சள் டீசலும் அடியில் இரண்டு விரற்கடை உயரத்திற்குத் தெளிந்த நீரும் தனித்தனியே நின்றன.

“பார்த்தீங்களா சார், இதோட உள்ளே போயிருந்தா நடுக்காட்டுலதான் நின்னிருப்போம்” என்றார்.

அந்தக் கான்வாய் போயிற்று. அடுத்ததற்குக் காத்திருந்த நேரத்தில் அவர் தம் பழைய கதையைச் சொன்னார். மூன்றாண்டுகளுக்கு முன் இதே விளக்கு எரிந்தபோது அவர் பொருட்படுத்தவில்லை. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்தாம் நாள் நின்றது. நான்கு இன்ஜெக்டர்களும் உயர் அழுத்தப் பம்பும் துருவேறிப் பயனற்றுப் போயிருந்தன. பாகங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்ததால், வண்டி ஒரு மாதத்திற்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வருமானம் நின்றது, வாகனக் கடனின் மாதத் தவணை நிற்கவில்லை. இரண்டு தவணைகளுக்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. அன்று அவர் மாற்றாமல் விட்ட வடிகட்டியின் விலை ஆயிரத்துச் சொச்சம்.

வாகனக் கடன் பெற்ற நம் வாடிக்கையாளர்கள் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. பொதுவான வாகனக் காப்பீடு விபத்தையும் திருட்டையும் வெள்ளத்தையும் ஈடு செய்யும். தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஈடு செய்யாது. டேங்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்த நீரால் பம்பு கெட்டால், அச்செலவு உரிமையாளர் தலையில்தான் விழும். எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனிக் கட்டணத்தில் கிடைக்கும் கூடுதல் காப்பீடுகளிலும், எந்த வகைச் சேதத்திற்கு ஈடு உண்டு என்பதை வரிவரியாகப் படித்தே வாங்க வேண்டும்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? தீவுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இல்லை. எரிபொருள் முழுவதும் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்து, சேமிப்புத் தொட்டியிலிருந்து டேங்கர் லாரிக்கும், லாரியிலிருந்து பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்கும் மாறுகிறது. சிறு தீவுகளின் டோங்கிப் படகுகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் 200 லிட்டர் பீப்பாய்களிலும் போகிறது. இதே தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. இரண்டு பருவக்காற்றுகளும் பொழிகின்றன. கைமாறும் இடந்தோறும் ஈரத்திற்கு ஒரு வாய்ப்பு.

பீப்பாயைப் பற்றித் தனியே ஒரு சொல். மூடி மேலே இருக்குமாறு பீப்பாயை வெட்டவெளியில் நிமிர்த்தி வைப்பது பலரின் வழக்கம். மழைநீர் அதன் மேற்பரப்பில் குளம்போல் தேங்கும். பகல் வெயிலில் விரிந்த உட்காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடியின் மரைகளின் வழியே அந்த நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இது நிகழலாம். பீப்பாயைக் கூரைக்கடியில் வைக்க வேண்டும். இயலாவிடில் படுக்கவைக்க வேண்டும். பங்க்கில் வாங்கும் டீசலைச் சந்தேகித்துக்கொண்டே வீட்டுப் பீப்பாயை நம்புவோரைப் பல இடங்களில் கண்டோம்.

நீர் டீசலைவிடக் கனமானது; ஆகவே டேங்கின் அடியில் படியும். இரண்டும் சந்திக்கும் பரப்பில் பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் வளர்ந்து, கருமையான வழுவழுப்பான கசடாக வடிகட்டியை அடைக்கும். தீவின் வெப்பமும் ஈரமும் அவற்றிற்கு உகந்தவை. வடிகட்டியைக் கடந்து நீர் உள்ளே போனால் கேடு இன்னும் பெரிது. இக்கால டீசல் எஞ்சின்களின் காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் 2,000 பார் அளவை எட்டும். காரின் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அந்த அழுத்தத்தில் உரசும் உலோகப் பரப்புகளுக்கு டீசலே மசகு. நீருக்கு அந்தத் தன்மை இல்லை. உரசலும் துருவும் சேர்ந்து பரப்பைத் தின்றுவிடும். பழைய லாரி எஞ்சின்கள் ஓரளவு பொறுத்துக்கொண்டதை இவை பொறுத்துக்கொள்ளா.

இனி எங்கள் முதன்மையான கருத்துக்கு வருகிறோம். வாகனக் கையேடுகள் வடிகட்டி மாற்றத்தைப் பெரும்பாலும் கிலோமீட்டரில் சொல்கின்றன. சில வண்டிகளுக்கு 20,000, சிலவற்றிற்கு 40,000. ஆனால் தீவில் சாலை எவ்வளவு நீளம்? பெருவழிச் சாலை முழுவதும் ஏறத்தாழ 330 கிலோமீட்டர்தான். கரச்சர்மாவிலிருந்து அபர்டீன் பஜாருக்குப் போய்த் திரும்பும் சொந்தக் கார் ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினாலே மிகுதி. 40,000 வரும்வரை காத்திருந்தால் எட்டு ஆண்டுகள், எட்டு மழைக்காலங்கள். வண்டி நின்றாலும் நீர் சேர்வது நிற்பதில்லை. குறைவாக ஓடும் வண்டியின் டேங்கில் பழைய எரிபொருள் நெடுநாள் கிடப்பதால் கேடு கூடவே செய்யும். கையேடு சொல்லும் கிலோமீட்டர் வராவிட்டாலும், டீசல் வாகனத்தின் வடிகட்டியை ஆண்டுக்கொருமுறை மாற்றுவது இங்கு வீண்செலவு அன்று. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், ஏப்ரலில், மாற்றிவிடுவது உத்தமம்.

மாதமொரு முறை வண்டியைச் சுற்றிப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்துள்ளதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். மழைநீர் நேராக நுழையும் வாயில் அதுவே. கடற்காற்றின் உப்பு, சேசிஸை ஒட்டிச் செல்லும் எஃகுக் குழாய்களையும் டேங்கைத் தாங்கும் பட்டைகளையும் முதலில் அரிக்கும். சேறு அப்பிய இடங்களைக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். சேற்றின் அடியில்தான் துரு ஒளிந்திருக்கும். ரப்பர்க் குழாயை, கிளிப் இறுக்கும் இடத்தில் வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். எரிபொருள் வாடை வந்தால் கசிவைக் கண்டுபிடிக்கும்வரை ஓட்டக் கூடாது. வடிகட்டியில் வடிதிருகு இருந்தால், எங்கள் ஓட்டுநர் செய்ததுபோல் கண்ணாடிப் பாட்டிலில் சிறிது பிடித்துப் பார்க்கலாம். அடியில் நீர் தெரிந்தால் தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். கருங்கசடு தெரிந்தால் வடிகட்டியை மாற்றுவது மட்டும் போதாது. டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுவோரும் அருகில் நின்று சிலவற்றைக் கவனிப்பது நலம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. வடிகட்டியைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைக்க வேண்டும். புதிய ஓ-ரிங்கில் தூய டீசலைத் தடவிப் பொருத்த வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டால் காற்று இழுக்கும். உறையில் அம்புக்குறி இருந்தால், அது எரிபொருள் பாயும் திசையைக் காட்டுகிறது.

பெரும்பாலோர் செய்யும் தவறு, புதிய வடிகட்டிக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்துவது. காமன் ரெயில் வண்டிகளில் இது ஆபத்து. ஊற்றும் டீசலின் தூசி, வடிகட்டப்படாமலே நேராக இன்ஜெக்டருக்குப் போய்விடும். கைப்பம்பை அழுத்தியோ, மின்பம்பு உள்ள வண்டியில் சாவியைப் பலமுறை ஆன் நிலைக்குத் திருப்பியோ, காற்றை வெளியேற்றி நிரப்புவதே முறை. எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர்க் குழாயைத் தளர்த்துவது பழைய எஞ்சின்களின் வழக்கம்; காமன் ரெயிலில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். அத்தகைய காயம் ஊசித்துளையளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெட்ரோல் கார்களைப் பொறுத்தவரை, இப்போது பலவற்றில் வடிகட்டி டேங்கினுள்ளே பம்புடன் இணைந்திருக்கிறது. அதை ஒர்க்‌ஷாப்பில்தான் மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்த்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். 2019 ஏப்ரல் 1 முதல் எத்தனால் கலப்புத் திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டபோது, அந்தமான் நிக்கோபாருக்கும் இலட்சத்தீவுகளுக்கும் விலக்களிக்கப்பட்டது. எனினும் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வரும் கார்களின் டேங்கில் அங்கு நிரப்பிய பெட்ரோலே இருக்கும். துறைமுகத்தில் வாரக்கணக்கில் நின்ற காரை எடுப்போர் இதை நினைவில் கொள்க. சந்தேகம் எழுந்தால், பங்க்கில் வடிதாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் செய்துகாட்டுமாறு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கனமழைக்குப் பின், நீரைக் காட்டும் பசை தடவிய அளவுகோலைத் தொட்டியில் இறக்கிக் காட்டச் சொல்லலாம்.

எங்கள் ஓட்டுநர் இருக்கைக்கடியில் ஒரு புதிய வடிகட்டியை, உறை பிரிக்காமல், இரண்டு ஓ-ரிங்குகளுடன் வைத்திருந்தார். சென்னைக் கப்பல் மூன்று நாள் வழி. புயல் சின்னம் தோன்றினால் அதற்கும் உறுதியில்லை. அன்று அதைப் பொருத்தி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் தேதியை எழுதினார். வடித்த நீரையும் டீசலையும் சாலையோரத்தில் கொட்டாமல், பாட்டிலை இறுக மூடிப் பின்பக்கம் வைத்துக்கொண்டார். அடுத்த கான்வாயில் எங்கள் வண்டி ஏழாவதாகச் சென்றது.