பழைய பதிவேடும் புதிய பதிவேடும்



ஏதாவது ஓர் அலுவலகத்தின் முகப்பில் கால்கடுக்க நின்று, நம் முறை வந்ததும், "சிஸ்டம் மாற்றுகிறார்கள், நாளைக்கு வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வேலைநாளை விட்டு, பஸ் பிடித்துச் சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ போனவருக்குக் கோபம் வருவது இயல்பே. அந்த "சிஸ்டம் மாற்றுவது" என்றால் என்ன, அதை எப்படிச் செய்தால் நம் கணக்கு பத்திரமாக இருக்கும் என்பதைப் பற்றி இன்று பேசலாம்.

தோட்டத்தில் கிராணியார் வைத்திருந்த செக்ரோல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வரி. வரியில் பெயர், எண், நாள்தோறும் வேலைக்கு வந்த குறி. கணினியில் இருக்கும் தரவுத்தளமும் அடிப்படையில் இதுதான். ஒரு வேறுபாடு உண்டு. புத்தகத்தைக் கண்ணால் பார்த்துப் படிக்கலாம். தரவுத்தளத்தை அதற்கென உள்ள மென்பொருள்தான் படிக்கும், எழுதும். அதன் பதிப்பை மாற்றும்போது கோடு போட்ட விதமும் மாறுகிறது, புத்தகத்தைப் பராமரிக்கும் கிராணியும் மாறுகிறார். உள்ளே இருக்கும் ஆட்கள் மட்டும் மாறக்கூடாது.

பழையதே நன்றாக ஓடும்போது ஏன் மாற்றவேண்டும் என்று கேட்கலாம். இம்மென்பொருளைச் செய்தவர்கள் ஒவ்வொரு பதிப்பையும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே பழுதுபார்த்துத் தருகிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு. மைஎஸ்க்யூஎல் என்பதன் 5.7ஆம் பதிப்பு 2015இல் வெளிவந்தது. 2023 அக்டோபரோடு அதற்கான பராமரிப்பு முடிந்தது. அதற்குப் பின் திருடர் நுழைய ஓர் ஓட்டை தெரியவந்தால், செய்தவர்களே அதை அடைத்துத் தரமாட்டார்கள். ஆகவே மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது என்பதே கேள்வி.

நம் நாட்டு மக்கள் எல்லாருடைய வாழ்விலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948இல் அடையாள அட்டை முறை வந்தது. பிற்காலத்தில் நம் பெரியவர்கள் வைத்திருந்த அட்டையில் பெரும்பாலும் ஏழு இலக்க எண் இருக்கும். 1990இல் அது பன்னிரண்டு இலக்கமாயிற்று. முதல் ஆறு பிறந்த தேதி; அடுத்த இரண்டு பிறந்த இடம், கெடா என்றால் 02; கடைசி நான்கில் இறுதி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். 2001இல் மைகாட் வந்தபோதும் இந்த எண்ணே தொடர்ந்தது.

இம்மாற்றத்தில் என்னைக் கவர்ந்தது புதிய எண்ணன்று. பழைய எண்ணைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டதுதான். இன்றும் எத்தனையோ பாரங்களில் "பழைய அடையாள அட்டை எண்" என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? துன் சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம், நம் கெடாவின் புக்கிட் சீடிம். அந்தக் காலத்தில் ஒரு சங்கத்தில் பங்கு எடுத்த தாத்தாவிடம் பன்னிரண்டு இலக்க எண் ஏது? அவருடைய பேத்தி இன்று பழைய கணக்கு ஒன்றைத் தேடினால், பழைய எண்தான் அதைத் திறக்கும் சாவி. புதிய பதிவேட்டுக்கு மாறும்போது பழைய சாவியையும் கூடவே எடுத்துப் போவது முதல் வேலை.

இரண்டாவது வேலை நகல் எடுப்பது. இதை எல்லாரும் சொல்வார்கள். நகலிலிருந்து பதிவேட்டை மீண்டும் உண்டாக்க முடிகிறதா என்று செய்து பார்த்தவர் சிலரே. கிட்லேப் என்ற பெயர்பெற்ற கணினி நிறுவனத்தில், 2017 ஜனவரி 31ஆம் நாள், ஊழியர் ஒருவர் வேறொரு கணினி என்று நினைத்துக்கொண்டு முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். நகலைத் தேடினார்கள். அங்கே நகல் வைக்கும் வழிகள் ஐந்து இருந்தன. நம்பிப் பயன்படுத்தும்படி ஒன்றும் இல்லை. காரணத்தைக் கேளுங்கள். தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. நகலெடுக்கும் கருவியோ பழைய 9.2ஆம் பதிப்பிலேயே இயங்கியது. இரண்டும் பொருந்தாமல், நகல் எடுக்கப்படாமலே போயிற்று. தவறு நடந்தது என்று தெரிவிக்கும் கடிதங்களும் போய்ச் சேரவில்லை. நல்லவேளையாக, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்த ஒரு படி கிடைத்தது. இடைப்பட்ட நேரத்தில் எழுதியதெல்லாம் போனது போனதுதான்.

அதனால்தான் பொறுப்புள்ள இடங்களில், நகலை வேறொரு கணினியில் ஏற்றி, புதிய பதிப்பை முதலில் அதன்மேல் ஒத்திகை பார்க்கிறார்கள். படி தாண்டவும் கூடாது. மைஎஸ்க்யூஎல் 5.6இலிருந்து நேரே 8.0க்குப் போக வழியில்லை, 5.7இல் ஏறி, பிறகுதான் 8.0. நான்காம் வகுப்புப் பிள்ளையை நேராக இடைநிலைப் பள்ளியில் கொண்டுபோய் உட்காரவைப்போமா?

மாற்றியதும் எண்ணிப் பார்க்கவேண்டும். பால் ஸ்டோரில் ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியே நிறுத்து எழுதி, பிறகு மொத்தத்தோடு சரிபார்க்கும் வழக்கம் பால்வெட்டிய குடும்பங்களுக்குத் தெரியும். அதுபோல, பழையதில் 4,000 உறுப்பினர் என்றால் புதியதிலும் 4,000 வேண்டும். அவர்கள் எல்லாருடைய பணத்தின் கூட்டுத்தொகையும் சென் பிசகாமல் ஒத்திருக்கவேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் பணம் இடம் மாறியிருக்கலாம் என்பதால், சில ஆட்களைத் தனியே எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது எளிய பெயரை எடுத்துப் பயனில்லை. மிக மூத்தவர், மிக நீண்ட பெயருடையவர், பிறந்த தேதி சரியாகத் தெரியாதவர், பழைய எண் மட்டும் உள்ளவர் ஆகிய இவர்களைத்தான் பார்க்கவேண்டும்.

பெயர் என்றதும் நமக்கே உரிய தொல்லை ஒன்று நினைவுக்கு வருகிறது. லெட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் "எல், இ, டி, சி" என்று தொடங்குவோரும் உண்டு. "எல், ஏ, கே, எஸ்" என்று தொடங்குவோரும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், சம்பளக் கணக்கில் இன்னொரு விதம். பழைய கிராணியாருக்கு முகம் தெரியும். கணினிக்கு அவர் இரண்டு ஆட்கள். தமிழில் எழுதி வைத்த பதிவேடுகளுக்கு வேறு தொல்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ்ச் செயலியை உருவாக்கிய காலத்தில், எல்லா நாட்டு எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறை இன்னும் வரவில்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் லெட்சுமி எட்டு இடத்துக்குள் அடங்கிவிடும். யூனிகோட் எழுத்துகளைப் பெரும்பாலான கணினிகள் சேமிக்கும் முறையில், கண்ணுக்கு நாலெழுத்தான அதே பெயருக்கு 24 இடம் வேண்டும். பழைய கட்டத்தில் 20 இடமே இருந்தால், அம்மையாரின் வால் அறுந்துவிடும்! மாற்றத் தெரியாத மென்பொருளோ பெயருக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகளைப் போட்டு வைக்கும். அதற்குப்பின் மூலப் பெயரைக் கேள்விக்குறியிலிருந்து மீட்க எவராலும் ஆகாது.

இனி, கதவடைப்புக்கு வருவோம். நகல் எடுத்த நேரத்துக்கும் புதியது திறக்கும் நேரத்துக்கும் நடுவே யாராவது பணம் கட்டினால், அது பழையதில் மட்டும் ஏறிவிடும். அதனால்தான் சனி, ஞாயிறு பார்த்தும் இரவில் பார்த்தும் வேலையை நிறுத்தி மாற்றுகிறார்கள். "நாளைக்கு வாருங்கள்" என்பது பல சமயம் அக்கறையின் அடையாளமே. ஆனால் முன்கூட்டி அறிவிக்காமல், ஏழு மைல் தாண்டி வந்தவரிடம் முகப்பில் நின்று சொல்வதை நான் அக்கறை என்று ஒப்பமாட்டேன்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. டி.எஸ்.பி. என்ற வங்கி, 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில், தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் புதிய அமைப்புக்கு மாற்றியது. கணக்கு விவரங்கள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தாங்கவேண்டிய புதிய அமைப்புதான் திறந்ததுமே தடுமாறியது. ஏராளமானோர் தம் பணத்தைத் தொடமுடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதும் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. சிறு கூட்டத்தை முதலில் அனுப்பிப் பார்த்து, பிறகு மற்றவரை அனுப்பலாம். திரும்பிவர வழி வைத்துக்கொள்ளலாம். அந்தத் திரும்பும் வழியும் புதிய பதிவேட்டில் பொதுமக்கள் எழுதத் தொடங்கும் வரைதான் எளிது. பிறகு திரும்பினால் புதிய வரவுகள் போய்விடும். ஆகவே திரும்புவதா இல்லையா என்பதைக் கதவு திறக்குமுன் முடிவு செய்யவேண்டும்.

இதெல்லாம் அவர்கள் வேலை. நம் வேலையும் கொஞ்சம் இருக்கிறது. மாற்றம் வரப்போவதாக அறிவிப்பு வந்தால், சேமநிதிக் கணக்கறிக்கை, வங்கிப் புத்தகம், சங்கப் பங்குச் சீட்டு ஆகியவற்றின் கடைசிப் பக்கத்தைப் படி எடுத்து வையுங்கள். மாறிய பிறகு பெயர், எண், மீதித்தொகை மூன்றையும் ஒத்துப் பாருங்கள். வாரிசுப் பெயர் பதிந்திருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள், அது விடுபட்டால் யாரும் உடனே கவனிப்பதில்லை. தாத்தா, பாட்டியின் பழைய எண்ணை ஒரு நோட்டில் எழுதி, பிறப்புப் பத்திரங்களோடு வைத்திருங்கள்.

இன்னொன்று. "சிஸ்டத்தைப் புதுப்பிக்கிறோம், உங்கள் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வந்த எண்ணையும் சொல்லுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் கேட்டால், அவர் எந்த மொழியில் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் திருடர்தான். தரவுத்தளத்தை மாற்றுவதற்கு உங்கள் கடவுச்சொல் எவருக்கும் தேவைப்படாது. தெரியாமல் சொல்லிப் பணம் போயிருந்தால், அன்றைக்கே வங்கிக்குத் தெரிவியுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தை 997 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.