நுரைச்சோலை: முற்றத்தில் கிளம்பும் தூசு

வைகாசியில் சோளகம் பிறந்துவிட்டால் கற்பிட்டிக் குடாநாட்டில் காற்று ஓய்வதில்லை. புரட்டாதி வரை ஒரே வீச்சுத்தான். கடலோரத்தில் நிற்கும் லக்விஜய அனல்மின் நிலையத்தைக் கடந்துதான் அந்தக் காற்று நுரைச்சோலைக்குள் நுழைகிறது. வருகிற வழியில் கரித்தூளையும் சாம்பலையும் வாரிக்கொண்டு வருகிறதென்று நரக்கள்ளி, இலந்தையடி மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிடுகிறார்கள். காயப்போட்ட உடுப்பில் கறுப்பு, கூரையில் கறுப்பு, தோட்டத்தில் கறுப்பு.

மணல் தரையில் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிற ஊர்கள் இவை. வெங்காயத் தாளில் படிகிற தூள் விடியற்பனியில் நனைந்து, கறுப்புக் கோடாக வழிந்து குருத்தின் இடுக்கில் தேங்குகிறது. இலையை மூடும் தூசு வெயிலை மறைக்கிறது. வெயில் குறைந்தால் காயும் பெருக்காது.

முதல் அலகு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் 2014இல் சேர்ந்தன. மொத்தம் 900 மெகாவொற். ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண் உயர்ந்த புகைபோக்கியில்தான் நிற்கும். ஆனால் புகையைத் தடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. உலையிலிருந்து வரும் புகை, மின்னேற்றிய கம்பிகளுக்கும் இரும்புத் தகடுகளுக்கும் நடுவே போகிறது. சாம்பல் துகள்கள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல்கள் தட்ட, கீழே தொட்டியில் உதிரும். கந்தகப் புகையைக் கடல்நீரால் கழுவுகிறார்கள். இவை பழுதின்றி ஓடுகின்றனவா என்று தொடர்ந்து பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் ஊருக்கு வரும் கறுப்பை இவற்றால் மட்டும் நிறுத்த முடியாது. அந்தக் கறுப்பு கிளம்புவது தரையிலிருந்து.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, தட்டையான படகுகளில்தான் நிலக்கரி கரைக்கு வருகிறது. சோளகக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இறக்க முடியாது. ஆகவே சித்திரைக்குள் முழு இருப்பையும் கரையில் குவித்துவிட வேண்டும். காற்று மிகக் கடுமையாக அடிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் குவியலும் மிக உயரமாக நிற்கிறது, அதுவும் திறந்தவெளியில். காற்றுத்தடுப்பு வேலி கட்டினார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். மேற்பரப்பு காய எவ்வளவு நேரம் ஆகும்?

சாம்பலிலும் இரண்டு வகை. புகையில் பிடிபடும் நுண்சாம்பலைச் சீமெந்துக் கம்பனிகள் வாங்கிக்கொள்கின்றன. உலையின் அடியில் விழும் கரடான சாம்பலுக்கு அந்தக் கிராக்கி இல்லை. அது ஆலை முற்றத்தில் குவிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தின்கீழ் வடமேல் மாகாணத்துக்கென்றே ஒரு சுற்றாடல் அதிகாரசபை உண்டு. இந்த ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வழங்க வேண்டியது அதுதான். 2017இல் காலாவதியான உரிமம் புதுப்பிக்கப்படாமலே ஆலை ஓடியது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்பது உண்மை. அதற்காக ஒரு கிராமம் மூச்சைக் கொடுக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சிறுகடை ஒன்று உரிமமில்லாமல் இப்படி நடக்க விடுவார்களா?

அளவுகோலிலும் இடைவெளி பெரிது. நுரையீரலின் அடிவரை போகும் 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துகள், 24 மணி நேரச் சராசரியாகக் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இலங்கையின் 2008ஆம் ஆண்டுத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை 15.

செய்ய வேண்டியது தெரியாத வித்தை அல்ல. இந்த ஆலையைக் கட்டித்தந்த சீனாவிலேயே பல அனல்மின் நிலையங்கள் நிலக்கரியைப் பெருங்கூரைக்குள் வைத்திருக்கின்றன. இங்கும் முற்றத்துக்குக் கூரை வேண்டும். கரடான சாம்பலைக் கல்லறுக்கவும் வீதி நிரப்பவும் கொடுத்துக் குவியலைக் குறைக்க வேண்டும். தூசு அளக்கும் கருவிகளை ஆலை வளவுக்குள் வைத்தால் போதாது, காற்று போய்ச் சேரும் நரக்கள்ளித் தோட்டங்களிலும் பள்ளிக்கூட வளவுகளிலும் வைக்க வேண்டும். அன்றன்றைய அளவு தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். அடுத்த வைகாசிக்கு முன் இந்தக் கடைசி வேலையையாவது முடித்துவிடலாம். அதற்குப் பெருஞ்செலவும் இல்லை.